சுமார் 55 வயது மதிக்கத்தக்க

காலையில் பேப்பர் வந்ததும் நான் முதலில் திருப்புவது உள்ளூர்ப் பக்கத்தைத்தான். அதன் கீழ் மூலையில், ஏல அறிவிப்புக்கும் கண் சிகிச்சை முகாமுக்கும் நடுவே, நான்கைந்து வரிச் செய்தி ஒன்று அடிக்கடி இருக்கும். பஸ் நிலையத்திலோ தண்டவாளத்தின் ஓரத்திலோ சுமார் இத்தனை வயது மதிக்கத்தக்க ஆண் இறந்து கிடந்தார், அவர் யார், எந்த ஊர் என்று தெரியவில்லை, போலீசார் விசாரிக்கிறார்கள். ஊர் மாறும், வயது மாறும், சட்டையின் நிறம் மாறும். 'மதிக்கத்தக்க' என்ற சொல் மட்டும் மாறவே மாறாது. வயதைக் கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்வதற்கு நிருபர்கள் போடும் சொல் அது, எனக்கும் தெரியும். ஆனால் தமிழில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. அந்தப் பொருள் கண்ணில் படாமல் என்னால் அந்த வரியைத் தாண்ட முடிவதில்லை. பெயர் தெரியாமல் செத்துப்போன ஒருவரைப் பற்றி ஊர் எழுதும் நாலு வரியில் மரியாதையாக இருப்பது அந்த ஒரு சொல்தான்.

என் வீட்டில் பல வருடமாக என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "ராத்திரி படுக்கப் போறப்பக்கூட கொலையையே படிக்கிறீங்களே, எப்படித் தூக்கம் வருது?" மனைவி கேட்டிருக்கிறாள், அக்கா கேட்டிருக்கிறாள். மகள் பிளஸ் டூ படிக்கும்போது கேட்டது இன்னும் கூர்மையாக இருந்தது. "செத்தவங்களை வெச்சு ஒரு பொழுதுபோக்காப்பா?" மூளைக்கு வேலை, புதிருக்கு விடை தேடுகிற சுகம், கடைசியில் நியாயம் ஜெயிக்கிறது என்று எல்லோரும் சொல்லும் பதில்களை நானும் சொன்னேன். சொல்லும்போதே அவை போதவில்லை என்று எனக்கே தெரிந்தது. 2019 மார்ச்சில் ஒன்று நடந்தது. அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியை நேராகப் பார்க்க முடிந்தது. எழுதிவிட வேண்டும் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

சாணித்தாள் நாட்கள்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையில் கயிற்றில் க்ளிப் போட்டு மாட்டியிருக்கும் மாத நாவல்களிலிருந்துதான் என் படிப்பு தொடங்கியது. அப்பா மதுரைக்குப் போகும்போதெல்லாம் ஒன்று வாங்குவார். போய்த் திரும்புவதற்குள் முடித்துவிடுவார். பஸ் டிக்கெட் உள்ளேயே இருக்க, புத்தகம் என் கைக்கு வரும். ஏழாம் வகுப்பில் நான் படித்த முதல் நாவலின் கதை இன்று நினைவில் இல்லை. சாணித்தாளின் வாசனையும் விரலில் ஒட்டிய மையும் நினைவிருக்கின்றன. அப்புறம் ராஜேஷ்குமார் நாவல் எந்தத் தேதியில் கடைக்கு வரும் என்று கடைக்காரரைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்கிற நிலைக்கு வந்தேன். ஒரு அத்தியாயம் ஒரு ஊரில், அடுத்த அத்தியாயம் சம்பந்தமே இல்லாத இன்னொரு ஊரில் என்று இரண்டு தண்டவாளமாக ஓடும் கதை எங்கே போய் ஒன்று சேரப்போகிறது என்று காத்திருந்ததில் இருந்த படபடப்பு வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. முக்கால்வாசி படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, கொலைகாரன் பெயரை ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைப்பேன். பாதிக்குமேல் சரியாக இருக்கும்.

வயது ஏற ஏற, எனக்குப் பிடித்த துப்பறியும் கதைகள் கரடுமுரடாகிக்கொண்டே வந்தன. பங்களாவில் விருந்து, பத்து பேர், ஒரு பிணம், எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து விளக்கும் மேதாவி, இதெல்லாம் அலுத்தது. நாலு மாடி ஏறி எட்டு வீட்டில் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு, எட்டு வீட்டிலும் "தெரியாதுங்க" என்ற பதிலை வாங்கிக்கொண்டு இறங்கும் போலீஸ்காரர்தான் எனக்கு வேண்டியவர். அவருக்குக் கால் வலிக்க வேண்டும், மேலதிகாரி திட்ட வேண்டும், மேஜையில் டீ ஆறிப்போயிருக்க வேண்டும். நடைமுறை பிசகினால் எனக்குக் கோபம் வரும். நம் ஊர்க் கதைகளில் குற்றவாளி கடைசி அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதும் முற்றும் போட்டுவிடுவார்கள். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிரான சாட்சியமாக நிறுத்த முடியாது என்று சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு சொன்னது. தமிழ்நாட்டுக் கொலை வழக்குகளில் கிராம நிர்வாக அலுவலர் முன்னால் சரணடைந்து வாக்குமூலம் கொடுத்ததாக வருவது அதனால்தான். எத்தனையோ தீர்ப்புகளில் நீதிபதிகள் அதையும் சந்தேகத்தோடுதான் பார்த்திருக்கிறார்கள். நிஜத்தில் ஒரு வழக்கு நடக்கும் இந்தக் கோணல்மாணலான வழியில்தான் கதை இருக்கிறது என்று நான் நம்பினேன். இன்றும் நம்புகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் நான் கவனித்ததே இல்லை. அதைக் கவனித்தவர் எங்கள் தெருமுனையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தார்.

வேப்பமரத்தடி

2013 வாக்கில் அவர் வந்தார். நாலு சக்கரத் தேய்ப்பு வண்டி, மேலே தகரக் கூரை, கரிப்பெட்டி. வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொண்டார். பின்னால் பூட்டிக் கிடந்த ஒரு கடையின் தாழ்வாரத்தில் படுக்கை. தெருவுக்கு அவர் தேய்ப்புக்காரர், எனக்கு அண்ணே. நான் வெங்காயப் பேட்டையில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும்போது, சிரட்டைக் கரி தணலாகும்வரை அவர் ஒரு துண்டுப் பேப்பரை வைத்துப் படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். வெங்காய பஜ்ஜி மடித்து வந்த பேப்பர். மறுநாள் வீட்டிலிருந்து ஒரு பழைய பாக்கெட் நாவலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டே நாளில் திரும்பி வந்தது. பின்னட்டையில் சூடு பட்டு லேசாகப் பழுத்திருந்தது. "மன்னிச்சுக்கங்க சார், தணல் பக்கத்துல வெச்சுட்டேன்" என்றார். அப்புறம் ஆறு வருடம். என் அலமாரியில் இருந்த மாத நாவல்களில் முக்கால்வாசி அவர் கையால் போய்த் திரும்பியவை. இன்றும் எடுத்து முகர்ந்தால் கரி வாசனை வரும்.

அவர் படிக்கும் விதம் வேறு. நான் கொலைகாரனைத் தேடுவேன். அவர் அதைத் தெரிந்துகொள்ள அவசரப்படவே மாட்டார். "யாருன்னு சொல்லிறாதீங்க சார்" என்று முன்னாலேயே சொல்லிவிடுவார். ஆனால் முடித்த பிறகு அவர் கேட்கும் கேள்வியில் கொலைகாரன் இருக்கவே மாட்டான். ஒருமுறை ஒரு தொழிலதிபர் கொலைக் கதை. நடுவில், எதையோ பார்த்துவிட்டான் என்பதற்காக பங்களாவின் இரவு வாட்ச்மேனையும் கொன்றுவிடுவார்கள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் கேட்டார்.

"அந்த வாட்ச்மேனு எதுக்கு சார் செத்தான்?"

"அவன் சாட்சிண்ணே. விட்டா காட்டிக்கொடுத்துருவான்ல."

"அது சரி. கதை கொஞ்சம் தொய்ஞ்சிருச்சு, அதான் ஒருத்தன் செத்தான். கடைசியில முதலாளி பொண்ணு அழுவுது, கல்யாணமும் ஆவுது. வாட்ச்மேனு வீட்டுக்கு யாராச்சும் போய்ச் சொன்னாங்களான்னுகூட எழுதலையே சார்."

நான் அன்றைக்குச் சிரித்துவிட்டு, "அவ்வளவெல்லாம் எழுதினா நூறு பக்கத்துல முடியுமாண்ணே?" என்றேன். அவரும் சிரித்தார். சட்டையை உதறிப் பலகையில் போட்டுக் கழுத்துப் பட்டையை முதலில் தேய்த்தார். எப்போதும் காலரைத்தான் முதலில் தேய்ப்பார், அப்புறம் தோள், அப்புறம் கை. அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மடியில் இருந்த புத்தகம்

மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. மண்டிக்கு ஒரு கான்ஸ்டபிள் வந்து, பெரிய கணக்கப்பிள்ளையிடம் ஒரு பெயரைச் சொல்லி, "இந்தப் பேர்ல இங்க யாராவது வேலை பார்த்தாரா?" என்று கேட்டார். பார்த்தாரா என்று இறந்த காலத்தில் கேட்டார். அது என் பெயர். நான் எழுந்து நின்று, "நான்தான் சார்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கையிலிருந்த பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு பாக்கெட் நாவலை எடுத்தார். முதல் பக்கத்தில் என் பெயரும் அதன் கீழே வெங்காயப் பேட்டை என்றும் என் கையெழுத்தில். முந்தின நாள் இரவு பஸ் ஸ்டாண்டில், திருச்சி பஸ்கள் நிற்கும் இடத்தில் ஒருவர் பெஞ்சிலிருந்து சரிந்துவிட்டார். 108 வந்து ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது, ஆஸ்பத்திரி போவதற்குள் உயிர் போய்விட்டது. கையில் வைத்திருந்த பை அந்தக் கூட்டத்தில் யாரோடோ போய்விட்டது. வேட்டி மடியில் செருகியிருந்த புத்தகம்தான் மிச்சம்.

அரசு ஆஸ்பத்திரிப் பிணவறையில் துணியை விலக்கிக் காட்டினார்கள். "தெரியுமா சார்?" என்று எஸ்.ஐ. கேட்டார். தெரியும் என்றேன். "பேரு?"

எனக்குப் பெயர் தெரியவில்லை. "எங்க தெருவுல துணி தேய்க்கிறவர்" என்றேன். "சரி சார், பேரு?" என்றார் மறுபடியும். தகப்பனார் பெயர், சொந்த ஊர், கல்யாணம் ஆனவரா, பிள்ளைகள் உண்டா, உடம்புக்கு ஏதாவது இருந்ததா, கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று அந்த அறிக்கையில் இருந்த வரிசையிலேயே கேட்டுக்கொண்டு போனார். கடைசிக் கேள்வி ஒன்றுக்குத்தான் என்னிடம் பதில் இருந்தது. வியாழக்கிழமை மதியம், இரண்டு மணிக்கு. "இது நல்லாப் போகுது சார்" என்று தேய்ப்புக்கார அண்ணன் நாவலைக் காட்டினார். ஆறு வருடம், வாரத்துக்கு மூன்று நாலு நாள் பேசியிருக்கிறேன். எத்தனையோ கற்பனைப் பிணங்களைப் பற்றி, அவை எந்த நிலையில் கிடந்தன, கதவு உள்ளே பூட்டியிருந்ததா வெளியே பூட்டியிருந்ததா என்றெல்லாம் இருவரும் விவாதித்திருக்கிறோம். எந்த ஊருண்ணே நீங்க என்று ஒருநாள்கூட நான் கேட்டதில்லை.

சந்தேக மரணம் என்றால் அப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் அது 194. அக்கம்பக்கத்தில் வசிக்கும் மதிப்புக்குரிய இருவர் அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் முன்னிலையில் பிரேத விசாரணை நடத்த வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. போலீஸ் பாஷையில் அவர்கள் பஞ்சாயத்தார். எங்கள் தெருவிலிருந்து இன்னும் நாலு பேரை வரவழைத்து ஐந்து பேராக நிறுத்தினார்கள். எஸ்.ஐ. ஒவ்வொன்றாகச் சொல்ல, கான்ஸ்டபிள் எழுதினார். வேட்டி வெள்ளை, சட்டை இளநீலக் கட்டம். வெளிக்காயம் இல்லை. வலது முன்கையில் பழைய தீக்காயத் தழும்புகள். இதைச் சொல்லும்போது எங்கள் ஐந்து பேருக்குமே அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று தெரிந்திருந்தது, அது ஒன்றுதான் தெரிந்திருந்தது. சட்டைப் பையில் ரூபாய் 170. பழைய பாக்கெட் நாவல் ஒன்று. நான் எட்டிப் பார்த்தபோது, இரவு டியூட்டியில் இருந்தவர் குறித்து வைத்திருந்த தாளில், இறந்தவர் பெயர் என்ற இடத்தில் என் பெயர் எழுதியிருந்தது. அதைக் கோடு போட்டு அடித்து, மேலே 'பெயர் விலாசம் தெரியாத ஆண்' என்று எழுதினார்கள். அதன் கீழே, மதிப்புக்குரிய அக்கம்பக்கத்தார் ஐவரில் ஒருவனாக நான் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் பேப்பரில் உள்ளூர்ப் பக்கத்தின் கீழ் மூலையில் அந்த நாலு வரி வந்தது. சுமார் 55 வயது மதிக்கத்தக்க.

காலர்

அவருக்குப் பெயரைத் திருப்பிக் கொடுத்தவர் ஒரு பெண் ஏட்டு. வெள்ளிக்கிழமை மதியம் நாங்கள் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு வந்தார். பிணவறைக்கு வெளியே இருந்த சிமென்ட் திண்ணையில் உட்கார்ந்து அறிக்கையைப் படித்தார். எங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வேலை செய்யும்போது என்ன சார் போட்டிருப்பாரு?" பனியனும் கைலியும் என்றேன். சட்டை போட்டு நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

"அப்ப இது வண்டிக்குப் போடுற சட்டை இல்ல. ஊருக்குப் போடுற சட்டை" என்றார். உள்ளே போய், கழற்றி வைத்திருந்த சட்டையை வாங்கிக் காலரைத் திருப்பினார். எவ்வளவு அழகாகத் தேய்த்திருந்தார் அந்தக் காலரை! உட்புறத்தில் டெய்லர் லேபிள், பலமுறை துவைத்து எழுத்தெல்லாம் பஞ்சாகிப்போயிருந்தது. ஏட்டம்மா அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, நகத்தால் நீவி நீவிப் பார்த்தார். கடைசியில் 'ர்ஸ்' என்ற இரண்டு எழுத்தும், அதன் கீழே துறையூர் என்பதும் படிக்கக் கிடைத்தன. செல்போனில் படம் எடுத்தார். துறையூர் ஸ்டேஷனுக்குப் பேசினார். அங்கே தெரிந்தவர் யாரும் இல்லை போலிருக்கிறது, மூன்று பேரிடம் மாற்றி மாற்றி முதலிலிருந்து சொன்னார். கொலை இல்லை, திருட்டு இல்லை, மேலிடத்திலிருந்து யாரும் கேட்கப்போவதில்லை. குரலில் சலிப்பு மட்டும் வரவேயில்லை. "முகத்தோட படம் வேண்டாம் சார், சட்டைப் படத்தை மட்டும் டெய்லருங்ககிட்டக் காட்டுங்க" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

சனிக்கிழமை ஒன்றும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் துறையூரில் மூன்றாவதாகப் பார்த்த டெய்லர் தன் லேபிளை அடையாளம் சொல்லிவிட்டார். துணியையும் சொன்னார். ஒரு கல்யாணத்துக்காக ஒரே வீட்டு ஆண்களுக்கு ஒரே துணியில் நாலு சட்டை தைத்தது, இளநீலக் கட்டம். அந்த வீட்டுக்குப் போனால், மற்ற மூன்று சட்டைகளும் கொடியிலும் பீரோவிலும் இருந்தனவாம். இறந்தவருடைய அண்ணன் மகன் மாலையில் வேன் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். தன் பெண்ணுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள், அதற்குத்தான் சித்தப்பா கிளம்பியிருக்கிறார். பிரேதப் பரிசோதனையில் மாரடைப்பு என்று வந்தது. அண்ணன் மகன் பெயரைச் சொன்னபோது எஸ்.ஐ. எழுதிக்கொண்டார், நானும் அருகில் நின்று மனதுக்குள் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அந்தப் பெயரை இங்கே எழுதலாமா என்று பிறகு போனில் அண்ணன் மகனிடம் கேட்டேன். வேண்டாம் சார் என்றார். அதனால் எழுதவில்லை.

கால்வாயில் ஒரு பெண்

அதன் பிறகு ஏழெட்டு மாதம் என்னால் ஒரு கொலைக் கதையும் படிக்க முடியவில்லை. பயமோ அருவருப்போ காரணம் இல்லை. முதல் அத்தியாயத்தில் பிணம் விழுந்ததும், "இவர் யாரு, எந்த ஊரு" என்று மனம் கேட்கும். கதை அதைக் கேட்காது. ரத்தம் எந்தப் பக்கம் தெறித்தது, கத்தி எத்தனை அங்குலம் என்று வேறு எங்கோ ஓடிவிடும். மூடி வைத்துவிடுவேன். என் மகள் கேட்டது சரிதானோ, இத்தனை வருடம் செத்தவர்களை வைத்துத்தான் விளையாடினேனோ என்று நினைப்பு ஓடும்.

அந்த வருடக் கடைசியில் மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஸ்வீடன் நாட்டு நாவல் ஒன்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைத்தது. ரோசன்னா. 1965-இல் வந்தது. மாய் ஷோவல், பெர் வாலூ என்ற இணையர் எழுதியது. இரவில் குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு ஆளுக்கொரு அத்தியாயமாக எழுதுவார்களாம். 1965 முதல் 1975 வரை பத்தே நாவல்கள், ஒவ்வொன்றிலும் முப்பது அத்தியாயங்கள், பத்தும் சேர்ந்து ஒரே பெரிய கதை. பத்தாவது வெளிவந்த 1975-இல் வாலூ இறந்துபோனார். இவர்களின் மார்ட்டின் பெக் மேதாவி அல்ல. வயிறு சரியில்லாத, சளி விடாத, வீட்டில் நிம்மதி இல்லாத போலீஸ்காரர்.

யோட்டா கால்வாயில் தூர்வாரும் இயந்திரம் சேற்றோடு ஒரு பெண்ணின் உடலை அள்ளிக்கொண்டு வருகிறது. உடலில் துணி இல்லை, பக்கத்தில் பொருள் இல்லை. அந்த ஊரில் காணாமல் போனவர்கள் பட்டியலில் அவள் இல்லை. யார் கொன்றது என்ற கேள்விக்கு நாவல் உடனே போகவில்லை. இவள் யார் என்ற கேள்வியிலேயே நிற்கிறது. ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம். நாளிதழ்கள் மறந்துவிடுகின்றன. மார்ட்டின் பெக் மறப்பதில்லை. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரத்தில் நூலகத்தில் வேலை பார்த்த 27 வயதுப் பெண் என்று கடைசியில் தெரியும்போது, பேட்டையிலிருந்து வீட்டுக்கு வரும் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு படித்துக்கொண்டிருந்தேன். பெயர் வந்த வரியில் என் கண் நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகும் அவர்கள் அவளை விடுவதில்லை. எப்படிப்பட்டவள், எதற்குச் சிரிப்பாள், தனியாக ஏன் பயணம் போனாள் என்று தெரிந்தவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்கிறார்கள். அவள் பயணம் செய்த கப்பலில் வந்த சுற்றுலாப் பயணிகள் எடுத்த போட்டோக்களை நாடு நாடாகக் கேட்டு வாங்கி, அவள் எந்தப் படத்தின் ஓரத்திலாவது நிற்கிறாளா என்று பார்க்கிறார்கள். கொலைகாரன் யார் என்பது அந்த வழியில்தான் தெரியவருகிறது.

தேய்ப்புக்கார அண்ணன் இருந்திருந்தால், வாட்ச்மேனைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு இதைத்தான் பதிலாகக் கொடுத்திருப்பேன்.

அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். மெக்ரே என்ற பாரிஸ் போலீஸ் அதிகாரி துப்பறிவதாக ஜார்ஜ் சிமெனோன் 1954-இல் எழுதிய ஒரு நாவலில், பாரிஸ் சதுக்கம் ஒன்றில் நள்ளிரவில் ஒரு இளம்பெண் இறந்து கிடக்கிறாள். பெயர் தெரியாது. உடம்பில் பழைய நீல நிற விருந்து உடை. மெக்ரே அந்த உடையைத் திருப்பிப் பார்க்கிறார், லேபிள் இருக்கிறது. அது வாடகைக்கு உடை கொடுக்கும் ஒரு சிறிய கடைக்கு அழைத்துப் போகிறது. அந்தப் பக்கத்தைப் படித்ததும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வேப்பமரம்வரை நடந்துபோய் வந்தேன். அந்த நாவலில் லோன்யோன் என்று இன்னொரு போலீஸ்காரர் வருவார். அவர் ஊர் ஊராக அலைந்து, விதிமுறைப்படி எல்லாவற்றையும் செய்கிறார். முடிச்சை அவிழ்ப்பவர் மெக்ரேதான். ஒரு சாட்சி சொல்லும் பொய்யைக் கேட்டதும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது, அந்தப் பெண் அப்படி நடந்துகொள்பவள் இல்லை. செத்துப்போன பெண்ணை அவ்வளவு தூரம் அறிந்துவைத்திருக்கிறார். எனக்குப் பிடித்த துப்பறிதல் எது என்று இன்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

நம் ஊர் வழக்குகளையும் மறுபடி அந்தக் கண்ணோடு படித்தேன். 1952 ஆகஸ்டில் நடந்த ஆளவந்தார் கொலையைத் தெரியாதவர் இல்லை. போட் மெயில் ரயிலில் டிரங்குப் பெட்டி, நாற்றம் வந்து மானாமதுரையில் இறக்கித் திறந்தால் தலையில்லாத உடல், ராயபுரம் கடற்கரையில் தலை. இரண்டும் ஒரே ஆளுடையவைதான் என்று சென்னை மருத்துவக் கல்லூரியில் பார்த்துச் சொன்னார்கள். கொன்ற பிரபாகர மேனனுக்கு ஏழு வருடம், அவர் மனைவி தேவகிக்கு மூன்று வருடம் தண்டனை. நான் சிறுவயதில் இதைக் கேட்டதெல்லாம் பெட்டியின் கதையாகத்தான். யாரைக் கேட்டாலும் பெட்டியைச் சொல்வார்கள், ரயிலைச் சொல்வார்கள். ஆளவந்தார் நல்லவர் இல்லை என்றுதான் வழக்கு முழுவதும் பேசப்பட்டது, இருக்கட்டும். ஆனாலும் அவரைக் காணவில்லை என்று முதலில் தேட ஆரம்பித்தது அவருடைய மனைவி. அவர் எத்தனை வீட்டுப் படி ஏறி இறங்கியிருப்பார், எத்தனை "தெரியாதுங்க" கேட்டிருப்பார் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்கத் தோன்றாமல்தான் இருந்தேன்.

இப்போது திரையில் வரும் திகில் தொடர்களை மகளோடு சேர்ந்து பார்க்கிறேன். முதல் ஐந்து நிமிடத்தில் ஒரு பெண்ணின் உடலை மேலிருந்து, பக்கவாட்டிலிருந்து, மழைநீர் சொட்டச் சொட்டக் காட்டுகிறார்கள். எட்டுப் பகுதி ஓடி முடிந்த பிறகும் அவள் எந்தக் கல்லூரியில் என்ன படித்தாள் என்று சொல்வதில்லை. கொலைகாரனின் சிறுவயதுச் சோகத்துக்கு மட்டும் ஒரு பகுதி முழுதாகக் கிடைக்கிறது. இது கரடுமுரடான யதார்த்தம் என்று விளம்பரம் வேறு. எனக்குச் சம்மதமில்லை. யதார்த்தத்தில் முதலில் கேட்கப்படுவது இறந்தவரின் பெயர். பிரேத விசாரணை அறிக்கை அங்கேதான் தொடங்குகிறது.

கொலைக் கதைகளை நான் விடவில்லை. முன்னைவிட அதிகமாகவே படிக்கிறேன், ராத்திரி தூக்கமும் வருகிறது. கொலைகாரன் பெயரைச் சீட்டில் எழுதுவதை மட்டும் நிறுத்திவிட்டேன். மடியில் இருந்த அந்தப் புத்தகத்தை, "இதுல உங்க பேர் இருக்கு சார்" என்று அண்ணன் மகன் என்னிடமே கொடுத்துவிட்டார். 71-ஆம் பக்கத்தில் மூலை மடித்திருந்தது. முதல் பக்கத்தில் என் பெயருக்குக் கீழே அவர் பெயரை எழுதினேன். மீதியைப் படித்து முடித்தேன். பின்னட்டையின் உட்புறத்தில், அந்தக் கதையில் இறந்தவர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொருவரைப் பற்றியும் கதை என்ன சொல்லியிருக்கிறது என்று குறித்தேன். அன்றிலிருந்து எந்தக் கொலைக் கதையை முடித்தாலும் அப்படி எழுதிவைக்கிறேன். போன மாதம் படித்த ஒரு நாவலின் பின்னட்டையில் இப்படி இருக்கிறது. பேராசிரியர், வயது 61, மூன்று அத்தியாயம் முழுக்க அவர்தான். அவருடைய உதவியாளர், சேலத்துக்காரர், அம்மா மட்டும் இருக்கிறார். லாட்ஜில் ரூம் பாய், பெயர் இல்லை. சாத்தூர் பக்கம் என்று 112-ஆம் பக்கத்தில் ஒரு வரி, மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புவான் என்று 113-இல் ஒரு வரி. தங்கச்சி ஒன்று, பத்தாவது படிக்கிறது.